விசா வேண்டாம், ஆனால் ஆன்லைன் அனுமதி வேண்டும்: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

விசா தேவையில்லாத நாட்டுக்குப் போக பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் இருந்தால் போதும் என்ற காலம் மலையேறிவிட்டது. ஆஸ்திரேலியா 1996-லேயே மின்னணு அனுமதியைத் தொடங்கியது. அமெரிக்கா 2009 ஜனவரியில் ‘எஸ்டா’ என்ற தன் மின்னணு அனுமதியைக் கட்டாயமாக்கியது. கனடா 2016-லும் நியூசிலாந்து 2019-லும் தென் கொரியா 2021-லும் அந்த வழிக்கு வந்தன. பிரிட்டன் 2023 அக்டோபரில் கத்தார் நாட்டவரிடம் தொடங்கி, 2025 ஏப்ரலுக்குள் ஐரோப்பியர்கள் வரை எல்லோரையும் கொண்டுவந்துவிட்டது. தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கான ‘எட்டியாஸ்’ அனுமதி 2026-இன் கடைசிக் காலாண்டில் தொடங்கும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அந்த நாடு தன் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறது. படிவத்தை நிரப்புவது பெரிய வித்தையில்லை, அரை மணி நேர வேலை. சிக்கல் வருவதெல்லாம் படிவத்துக்கு முன்னும் பின்னும்தான்: எந்தத் தளத்தில் விண்ணப்பித்தோம், எந்தப் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தோம், பயண நாளில் அதே பாஸ்போர்ட்தான் கையில் இருக்கிறதா. அதனால் இந்தக் கட்டுரையிலும் படிவத்தைவிட அவற்றுக்கே அதிக இடம்.

முதலில், இது உங்களுக்கு உரியதா?

நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதை வைத்து இது முடிவாவதில்லை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றுக்குச் சுற்றுலா போக வேண்டுமானால் விசாதான் எடுக்க வேண்டும். “ஆன்லைனில் எஸ்டா எடுத்துத் தருகிறோம்” என்று யாராவது அவர்களிடம் சொன்னால் அது ஏமாற்று வேலை. வேறொரு நாட்டில் நிரந்தர வசிப்புரிமை இருந்தாலும் பொதுவாக இதில் மாற்றமில்லை. விதிவிலக்குகள் உண்டு. அமெரிக்க கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அவர்கள் எந்த நாட்டவரானாலும் சரி, கனடாவுக்குப் போக விசாவும் வேண்டாம், மின்னணு அனுமதியும் வேண்டாம். செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் காட்டினால் போதும்.

ஒரே பாஸ்போர்ட்டுக்கு நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதற்கு மலேசியப் பாஸ்போர்ட் நல்ல உதாரணம். அதை வைத்திருப்பவர் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஆன்லைன் அனுமதியோடு போகலாம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் அவருக்கு விசா வேண்டும். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்த ஐந்து நாடுகளுமே ஆன்லைன் அனுமதியில் முடிந்துவிடும். ஆகவே “பக்கத்து வீட்டுக்காரர் இப்படித்தான் போனார்” என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம். போகும் நாட்டின் அரசுத் தளத்தில் உங்கள் நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். போகிற நாட்டின் குடியுரிமையே உங்களுக்கு இருந்தால், அந்த நாட்டின் மின்னணு அனுமதியை உங்களால் எடுக்க முடியாது. கனடியக் குடிமகன் பொதுவாகக் கனடியப் பாஸ்போர்ட்டில்தான் கனடாவுக்கு விமானம் ஏற வேண்டும். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவரும் தன் இன்னொரு பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டனின் அனுமதி எடுக்க வழியில்லை. வருடக்கணக்காகப் புதுப்பிக்காமல் அலமாரியில் கிடக்கும் பாஸ்போர்ட் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும்.

அமெரிக்காவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை. 2011 மார்ச் 1-க்குப் பிறகு ஈரான், இராக், சிரியா, சூடான், லிபியா, சோமாலியா, ஏமன், வட கொரியா ஆகிய நாடுகளுக்குப் போய்வந்தவர்களும், 2021 ஜனவரி 12-க்குப் பிறகு கியூபா போய்வந்தவர்களும், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எஸ்டா எடுக்க முடியாது. அதனால் அமெரிக்கா போகவே முடியாது என்றில்லை. தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இடையில் விமானம் மட்டும் மாறுகிறேன் என்பவர்களுக்கு

அமெரிக்க விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் விமானம் மாறுவதற்கும் எஸ்டா வேண்டும். கனடா வழியாக விமானத்தில் கடந்து போகவும் அனுமதி வேண்டும். பிரிட்டனில் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டாமல் ஹீத்ரோவிலோ மான்செஸ்டரிலோ விமானம் மாறுகிறவர்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி, பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்போது அந்த விலக்கு உதவாது. மலிவு டிக்கெட் தேடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

தரை வழியிலும் நாடுகள் வேறுபடுகின்றன. கனடாவின் அனுமதி விமானப் பயணிகளுக்கு மட்டும்தான். காரிலோ பேருந்திலோ எல்லை கடப்பவர்களுக்குத் தேவையில்லை. அமெரிக்காவோ 2022 அக்டோபர் முதல் தரைவழி எல்லையிலும் எஸ்டா கேட்கிறது.

சரியான தளத்தைப் பிடிப்பது

மொத்த வேலையில் இதுதான் முக்கியமான படி. தேடுபொறியில் நாட்டின் பெயரோடு அனுமதியின் பெயரைத் தட்டினால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அரசு முத்திரை போன்ற சின்னம், கொடி, நீல வண்ணம் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் “நாங்கள் தனியார் சேவை நிறுவனம்” என்று ஒரு வரி கிடக்கும். அங்கே நிரப்பினால் அவர்கள் அதே விவரங்களை அரசுத் தளத்தில் மறுபடி தட்டிவிட்டு, கட்டணத்தைப்போல் பல மடங்கு வாங்கிக்கொள்வார்கள். அது நல்ல கதை. மோசமான கதையில் உங்கள் பாஸ்போர்ட் படமும் கார்டு எண்ணும் யார் கைக்குப் போயின என்றே தெரியாது.

முகவரியின் முடிவைப் பாருங்கள். அமெரிக்காவின் எஸ்டா தளம் ‘டாட் கவ்’ என்று முடியும். பிரிட்டனுடையது ‘கவ் டாட் யுகே’, கனடாவுடையது ‘கனடா டாட் சிஏ’, எட்டியாஸுக்கு ‘யுரோப்பா டாட் ஈயு’. முகவரியின் நடுவில் ‘கவ்’ என்ற எழுத்துகள் இருந்துவிட்டால் போதாது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

கட்டணத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். எஸ்டா 2025 செப்டம்பர் 30 அன்று 21 டாலரிலிருந்து 40 டாலரானது. பிரிட்டனின் கட்டணம் அதே வருடம் ஏப்ரலில் 10 பவுண்டிலிருந்து 16 பவுண்டானது. கனடாவில் 7 கனடிய டாலர். நியூசிலாந்தில் ஆப் வழியாக 17 நியூசிலாந்து டாலர், இணையதளத்தில் 23 டாலர், அதோடு சுற்றுலா வரி 100 டாலர். முதல்முறை போகிறவர்கள் திரையில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்துத் திடுக்கிடுவது இந்த வரியால்தான். எட்டியாஸுக்கு முதலில் 7 யூரோ என்று வைத்து, தொடங்குவதற்கு முன்பே 20 ஆக்கிவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழும் 70 வயதுக்கு மேலும் கட்டணமில்லை. தொகைகள் இப்படி ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் அன்றைய தொகையை அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அறிவித்த கட்டணத்துக்கு மேல் ‘சேவைக் கட்டணம்’, ‘விரைவுக் கட்டணம்’ என்று வந்தால் தளத்தை மூடிவிடுங்கள். எட்டியாஸ் தொடங்கும் முன்பே அதற்கு முன்பதிவு செய்து தருவதாகச் சொல்லும் தளங்கள் முளைத்துவிட்டன. அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகியவற்றுக்கு அதிகாரபூர்வ ஆப்களும் இருக்கின்றன. ஆப்பைத் தேடும்போதும் வெளியிட்டவர் பெயர் அந்த அரசுத் துறையா என்று பார்த்துவிட்டே இறக்குங்கள். முடிந்தால் அரசுத் தளத்தில் இருக்கும் இணைப்பு வழியாகவே போங்கள்.

எப்போது விண்ணப்பிப்பது?

பல விண்ணப்பங்களுக்குச் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பி விமான நிலையத்துக்குப் போகும் டாக்சியில் உட்கார்ந்து நிரப்பக்கூடாது. அமெரிக்காவும் நியூசிலாந்தும் 72 மணி நேரம் ஒதுக்கச் சொல்கின்றன, பிரிட்டன் 3 வேலை நாட்கள் என்கிறது. எட்டியாஸ் விதிப்படி 96 மணி நேரத்தில் பதில் வர வேண்டும். கூடுதல் ஆவணமோ நேர்காணலோ கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கலாம். என்னைக் கேட்டால் டிக்கெட் வாங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. மறுப்பு வந்தால் டிக்கெட் பணமாவது தப்பிக்கும். விமான எண், தங்கும் இடம் எல்லாம் உறுதியாகாவிட்டாலும் பெரும்பாலான படிவங்களை நிரப்ப முடியும்.

பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறதா? அப்படியானால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படிவம்

பாஸ்போர்ட், கார்டு, நீங்கள் அன்றாடம் திறந்து பார்க்கும் மின்னஞ்சல் முகவரி, முதல்நாள் தங்குமிட முகவரி, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவர். இவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். எஸ்டா படிவம் பெற்றோரின் பெயரையும் வேலை விவரத்தையும் கேட்கும். பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தையும் ஏற்ற வேண்டும்.

ஆப்பில் செய்பவர்களுக்குச் சிரமம் கொடுப்பது சிப்பைப் படிக்கும் கட்டம். முதலில் படமுள்ள பக்கத்தைக் கேமராவில் காட்ட வேண்டும். லேமினேஷனில் விளக்கு பளிச்சென்று பட்டால் படிக்காது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அடுத்து போனைப் பாஸ்போர்ட்டின் மேல் வைத்து சிப்பைத் தேட வேண்டும். சில நாடுகளின் பாஸ்போர்ட்டில் சிப் அட்டைக்குள் இருக்கும், சிலவற்றில் படப்பக்கத்துக்குள்ளேயே. பாஸ்போர்ட்டின் உறையைக் கழற்றுங்கள், போனின் கவரையும் கழற்றுங்கள். போனை மெதுவாக, விரல் அகலத்துக்கு விரல் அகலம் நகர்த்துங்கள். அதிர்வு வந்ததும் கையை அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். பலரும் இழுத்துவிடுவது இந்த நொடியில்தான். அப்புறம் முகத்தைப் பதிவுசெய்யச் சொல்லும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெற்றுச் சுவர் முன் நின்றுகொண்டால் போதும்.

கையால் தட்டுபவர்களுக்கு மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

பாஸ்போர்ட் எண்ணில் ஆங்கில ‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும், ‘ஐ’ எழுத்தும் ஒன்றும் குழப்பும். ஜெர்மானியப் பாஸ்போர்ட் எண்களில் ‘ஓ’ எழுத்தே வராது, பூஜ்யம் மட்டும்தான். இருந்தும் அதை எழுத்தாகத் தட்டுபவர்கள் ஏராளம். படப்பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கிறதல்லவா, ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். இயந்திரம் படிப்பது அதைத்தான். இரண்டாவது வரியின் முதல் 9 இடங்கள் பாஸ்போர்ட் எண்ணுக்கு உரியவை. விமான நிறுவனத்தின் கணினி இந்த வரியிலிருந்து எடுக்கும் எண்ணும் உங்கள் அனுமதியில் இருக்கும் எண்ணும் ஓர் எழுத்து மாறினாலும், அனுமதி இல்லாதவராகவே நீங்கள் தெரிவீர்கள். தட்டி முடித்ததும் வேறொருவரை அந்த வரியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். நம் கண்ணுக்கு நம் பிழை தெரியாது.

அடுத்தது பெயர். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். குடும்பப் பெயரே இல்லாதவர்களுக்கும், பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே வரியில் இருப்பவர்களுக்கும், நடுவில் ‘இன்னாரின் மகன், மகள்’ என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’, ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ இருப்பவர்களுக்கும் இங்கே தலைவலிதான். அன்றாட வாழ்க்கையில் பெயரை எப்படிப் பிரித்து எழுதுகிறீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் அடிவரியில் எப்படி இருக்கிறதோ அதுதான் அளவுகோல்: இரண்டு அம்புக்குறிகள் சேர்ந்து வரும் இடத்துக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது முதற்பெயர். பின்னால் ஒன்றுமே இல்லையென்றால் உங்களுக்கு ஒரு பெயர்தான் என்று இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. கனடாவின் படிவத்தில் அப்படிப்பட்டவர்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட வேண்டும். மற்ற நாடுகளுக்குப் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி அங்கே சொன்னபடி செய்யுங்கள். நீங்களாக இனிஷியலை விரித்து எழுதுவதோ, அடைமொழி சேர்ப்பதோ கூடாது.

மூன்றாவது தேதி. நாள், மாதம், வருடம் என்ற வரிசை எல்லா நாட்டுப் படிவங்களுக்கும் பொதுவல்ல. பெட்டிக்கு மேல் போட்டிருக்கும் வரிசையைப் பார்த்துத் தட்டுங்கள். வழங்கிய தேதியையும் காலாவதித் தேதியையும் இடம் மாற்றிப் போடுவதும் உண்டு.

பிறகு வருவது ‘ஆம், இல்லை’ கேள்விகள்: குற்றத் தீர்ப்பு உண்டா, விசா மறுக்கப்பட்டதா, எங்காவது அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினீர்களா. வரிசையாக ‘இல்லை’யை அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் ஆபத்தானது. பல வருடங்களுக்கு முன் வந்த விசா மறுப்பு அவர்கள் கோப்பில் அப்படியே இருக்கும். ‘ஆம்’ என்று சொன்னால் அதிகபட்சம் விசா எடுக்கச் சொல்வார்கள். மறைத்தது தெரிந்தால் நிலைமை வேறு. தெரிந்தே பொய் சொன்னவருக்கு அமெரிக்கச் சட்டம் நிரந்தரத் தடையே விதிக்க முடியும். கேள்வி புரியவில்லையென்றால் யூகித்து அழுத்தாமல் புரிந்தவரிடம் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

குழந்தைகளுக்கும் தனி அனுமதி வேண்டும். கைக்குழந்தையாக இருந்தாலும் பிரிட்டனும் அமெரிக்காவும் கேட்கும். தென் கொரியா 17 வயது வரையிலும் 65 வயதிலிருந்தும் விலக்கு தருகிறது. பெற்றோர் அனுமதியில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது.

பணம் கட்டிய பிறகு

விண்ணப்ப எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வரவில்லையென்றால் ஸ்பேமில் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் தளத்திலேயே நிலையைப் பார்க்கும் பக்கத்தில் பாஸ்போர்ட் எண் போன்ற, அங்கே கேட்கும் விவரங்களைத் தட்டிப் பார்க்கலாம். ‘நிலுவையில்’ என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஓர் அதிகாரி பார்க்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். பொறுமையில்லாமல் இரண்டாவது விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள்.

எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டோம் என்று பிறகு தெரிந்தால்? மின்னஞ்சல், தங்குமிடம் போன்றவற்றை எஸ்டாவில் திருத்திக்கொள்ளலாம். பாஸ்போர்ட் விவரத்தை ஒப்புதலுக்குப் பிறகு மாற்ற முடியாது. புதிதாக விண்ணப்பித்து, மறுபடி கட்டணம் கட்ட வேண்டியதுதான். கனடாவிலும் அப்படியே.

மறுப்பு வந்தால் பொதுவாக அடுத்த கதவு விசாதான். அதே விவரங்களோடு திரும்பத் திரும்ப விண்ணப்பிப்பதால் பயனில்லை. தட்டச்சுப் பிழைதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மறுபடி போடலாம். இன்னொரு விஷயம்: அந்த மறுப்பும் இனி உங்கள் வரலாற்றில் சேர்ந்துவிடும், அடுத்த படிவங்களில் கேட்டால் சொல்ல வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு மறக்கப்படுவது

அனுமதி உங்கள் பெயருக்கு இல்லை, அந்தப் பாஸ்போர்ட் எண்ணுக்கு. எஸ்டாவும் பிரிட்டன், நியூசிலாந்து அனுமதிகளும் 2 வருடம், எட்டியாஸ் 3 வருடம், கனடாவினுடையது 5 வருடம் என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 12 மாதம். ஆனால் பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் அனுமதியும் அன்றோடு முடிந்தது. புதிய பாஸ்போர்ட் வாங்கினால் எண் மாறிவிடும், பழைய அனுமதி தானாக அதற்கு மாறிக்கொள்ளாது. “ஐந்து வருடத்துக்கு எடுத்தேனே” என்று செக்-இன் கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. அங்கே இருப்பவர் பாஸ்போர்ட்டைத் தேய்த்ததும் கணினி அந்த நாட்டின் அமைப்பைக் கேட்கிறது; ‘ஏற்றலாம்’ என்ற பதில் வராவிட்டால் போர்டிங் பாஸ் அச்சாகாது. உங்கள் கையில் இருக்கும் மின்னஞ்சல் அச்சுப்பிரதியை அவர் பார்க்கக்கூடத் தேவையில்லை. திருமணத்துக்குப் பின் பெயரோ, குடியுரிமையோ மாறினாலும் புதிதாக எடுக்க வேண்டும்.

அனுமதியின் காலமும் தங்கும் காலமும் வெவ்வேறு. எஸ்டா இரண்டு வருடம் செல்லும், ஆனால் ஒருமுறை போனால் 90 நாள்தான்; நடுவில் பக்கத்திலிருக்கும் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தாலும் அந்த நாட்கள் பொதுவாக அதே 90-இல் சேரும். ஷெங்கனில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90-க்கு மேல் கூடாது. பிரிட்டனில் ஒரு பயணத்துக்கு 6 மாதம் வரை. இவை சுற்றுலா, உறவினர் சந்திப்பு, வணிகக் கூட்டம் போன்றவற்றுக்கு. உள்ளூரில் சம்பளத்துக்கு வேலை பார்க்கவோ நீண்ட படிப்புக்கோ இது செல்லாது.

உள்ளே விடுவதா இல்லையா என்பது கடைசியில் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். படிவத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டு வாயால் வேறொன்று சொல்லாதீர்கள்.

வருகை அட்டையை இதனோடு குழப்பிக்கொள்பவர்களும் நிறையப் பேர். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து போன்ற நாடுகள் ஆன்லைனில் நிரப்பச் சொல்லும் டிஜிட்டல் வருகை அட்டை பயண அனுமதி அல்ல. முன்பு விமானத்தில் நிரப்பிய காகிதத்தின் இடத்தில் வந்தது அது. வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும், ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக. மூன்றுமே இலவசம். அதற்குப் பணம் கேட்கும் பக்கம் வந்தால் கார்டை எடுக்காமல் பக்கத்தை மூடிவிடுங்கள்.